அவலாஞ்சி: கண்ணுக்குத் தெரியாத சரிவு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரக் கதை ஒரு ஊர்ப் பெயரில் ஆரம்பிக்குது.

ஊட்டியிலிருந்து எமரால்டு வழியா கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர் போனா அவலாஞ்சி வரும். ஏரி, சோலைக்காடு, 1907-ல் வெள்ளைக்காரங்க அமைச்ச டிரவுட் மீன் பண்ணைன்னு எல்லாமே ரீல்ஸுக்கு ஏத்த இடம். பெயரைக் கேட்டா ஏதோ அம்மன் பெயர் மாதிரி இருக்கும். ஆனா அது தமிழ்ப் பெயர் இல்ல. ஆங்கிலத்துல பனிச்சரிவுக்குச் சொல்ற 'அவலாஞ்ச்'தான் நம்ம வாயில அவலாஞ்சி ஆயிடுச்சு.

இப்போ ஒரு சந்தேகம் வரணும். நீலகிரியில உறைபனி விழும், புல் மேல வெள்ளையா படியும். ஆனா மலையிலிருந்து உருண்டு விழற அளவுக்குப் பனி எங்க இருக்கு? கிடையாது. சரிஞ்சது பனி இல்ல, மண். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு பெரிய மண்சரிவு நடந்தது. அதை வெச்சுதான் ஆங்கிலேயர்கள் இந்தப் பெயரைக் கொடுத்தாங்க.

இதே ஊர் 2019 ஆகஸ்ட்ல மறுபடியும் செய்தியில வந்தது. ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் பெய்த மழை 820 மில்லிமீட்டர். அடுத்த 24 மணி நேரத்தில் 911 மில்லிமீட்டர். ரெண்டு நாள் கணக்கைக் கூட்டினா 1,731. சென்னையில ஒரு வருஷம் முழுக்க சராசரியா பெய்யறதே சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். மலை பல இடத்துல சரிஞ்சது, ரோடு போச்சு, தோட்டங்கள் போச்சு.

அப்போ என் மண்டையில ஓடின கதை ரொம்ப சிம்பிள். காட்டை அழிச்சு காய்கறி போட்டாங்க, அதான் மலை சரிஞ்சதுன்னு நினைச்சேன். இந்த எபிசோடுக்காகப் படிக்கப் படிக்க அந்தக் கதை உடைஞ்சது. முதல் காரணம், ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அந்தப் பழைய சரிவு நடந்தப்போ அங்க கேரட் தோட்டமே கிடையாது. ரெண்டாவது காரணம், 2019-ல தோட்டம் மட்டும் சரியல, சோலைக்காடும் சரிஞ்சது. செங்குத்தான சரிவு, ஆழமா மக்கிப் போன பாறை, அதுக்கு மேல இவ்வளவு மழைன்னு மூணும் சேர்ந்தா, மனுஷன் கை வைக்காட்டியும் மலை இறங்கும்.

அப்போ விவசாயத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு. ஆனா அது வேற ஒரு சரிவு. போட்டோவுல விழாது, நியூஸ்ல வராது. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் மேல்மண்ணும், அதோட சேர்ந்து பயிருக்கான சத்தும், ஓடை வழியா இறங்கிப் போயிட்டே இருக்கு. நான் வேலை பார்க்கிற துறையில இதை மெமரி லீக்னு சொல்லுவோம். லோடு கம்மியா இருக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. கூட்டம் வர்ற நாள்ல சர்வர் விழும். எல்லாரும் அந்த நாளைத்தான் திட்டுவாங்க. ஆனா தப்பான வரி அதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே எழுதப்பட்டிருக்கும். அந்த வரிகள் எப்போ எழுதப்பட்டதுன்னுதான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

கறுப்பு மண் என்ற சேமிப்பு

அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் ரோட்டுக்காக மலையை வெட்டின இடத்துல நின்னு பாருங்க. மேல கறுப்பா ஒரு அடுக்கு, அதுக்குக் கீழ சிவப்பு, மஞ்சள். அந்தக் கறுப்புதான் சொத்து.

சமவெளியில ஒரு இலை விழுந்தா சூட்டுல சீக்கிரம் மக்கிப் போயிடும். இங்க குளிர், ஈரம். நுண்ணுயிர்கள் மெதுவாத்தான் வேலை செய்யும். அதனால புல்லும் வேரும் இலையும் முழுசா கரையாம ஆயிரக்கணக்கான வருஷமா மண்ணுல சேர்ந்துட்டே வந்திருக்கு. எவ்வளவு பழசுன்னு கேட்டா ஒரு நல்ல சாட்சி உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமாரும் மற்ற ஆய்வாளர்களும் 1993-ல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினாங்க. நீலகிரியின் சதுப்பு நிலங்களில் தேங்கிய கரிமப் படிவுகளை எடுத்து, அதில் இருக்கும் கார்பன் வகைகளை அளந்து, சுமார் 20,000 வருஷத்துக் காலநிலையைப் படிச்சாங்க. புல்லும் மரமும் கார்பனை எடுத்துக்கற விதம் வேற வேற. அதனால எந்தக் காலத்துல புல்வெளி விரிஞ்சது, எப்போ சுருங்கினதுன்னு மண்ணே சொல்லிடும். காலநிலை மாறினா இந்த மலை முன்னாடியும் மாறியிருக்குன்னு அது காட்டுது. ஆனா அந்த மாற்றத்துக்கெல்லாம் ஆயிரம் வருஷக் கணக்குல நேரம் இருந்தது.

இந்தச் சேமிப்பு ஏன் முக்கியம்? பயிருக்கு வேணும்கிற நைட்ரஜனில் பெரும்பகுதி அந்தக் கறுப்பு மக்குக்குள்ளதான் பூட்டிக் கிடக்கு. நுண்ணுயிர்கள் அதை உடைச்சு முதல்ல அம்மோனியமாவும் அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்தித் தரும்போதுதான் வேர் எடுத்துக்க முடியும். நைட்ரேட் தண்ணியில சுலபமா கரையும். வேர் பிடிக்கலைன்னா அடுத்த மழையில போயிடும். பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியமும் பலத்த மழையில கழுவப்படும், அதனால மண் புளிப்பாகும். புளிப்பான மண்ணில் இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸைப் பிடிச்சு வெச்சுக்கும். உரம் போட்டாலும் பயிருக்கு முழுசா கிடைக்காது. ஆக இந்த மலையில மக்குதான் பேங்க் அக்கவுண்ட். விழுந்தது மக்கி, மக்கினது வேருக்குப் போய், வேர் வளர்த்தது மறுபடி விழணும். இந்தச் சுற்று அறுபடாம இருந்தா மண் நிக்கும்.

தரிசு போட்டது சோம்பேறித்தனமா?

ஆங்கிலேயர் வர்றதுக்கு முன்னாடியும் இங்க விவசாயம் இருந்தது. தோடர்கள் எருமை மேய்ச்சாங்க. படுகர்கள் தங்கள் ஹட்டிகளைச் சுற்றிச் சாமை, ராகி, பார்லி மாதிரி தானியங்கள் பயிரிட்டாங்க. அவங்க நிலத்தைப் பயன்படுத்தின விதம்தான் நமக்கு முக்கியம். ஒரு துண்டு நிலத்தை உழுது சில வருஷம் பயிர் பண்ணுவாங்க. விளைச்சல் குறைஞ்சா அதை அப்படியே புல்லுக்கு விட்டுட்டு வேற துண்டுக்குப் போவாங்க. பழைய துண்டு பல வருஷம் ஓய்வெடுக்கும். மாடு மேயும், சாணி விழும், புல்வேர் இறங்கும், மக்கு மறுபடி சேரும்.

ஆங்கிலேயர் ஆவணங்களில் இதுக்கு 'புர்த்தி' முறைன்னு பெயர். அந்த அதிகாரிகள் பார்வையில் இது நிலத்தை வீணாக்குவது. ஒரு குடும்பத்துக்கு எதுக்கு இவ்வளவு நிலம், பாதிக்கு மேல சும்மாதானே கிடக்குன்னு கேட்டாங்க. 1860-களில் அந்த முறைக்கு முற்றுப்புள்ளி வெச்சாங்க. காபி, தேயிலை, சின்கோனான்னு தோட்டக்காரர்கள் நிலம் தேடிட்டு இருந்த காலமும் அதேதான்.

நம்ம கணக்குல முதல் தப்பான வரி இது. சும்மா கிடந்த நிலம் உண்மையில சும்மா கிடக்கல, ரீசார்ஜ் ஆகிட்டு இருந்தது. இதைச் சொல்லும்போது பழைய காலம் பொற்காலம்னு நான் சொல்ல வரல. ஆள் கம்மியா, நிலம் நிறைய இருந்தாத்தான் அந்த முறை வேலை செய்யும். இன்னைக்கு அதைத் திரும்பக் கொண்டு வர முடியாது. ஆனா தரிசு செஞ்ச வேலையை வேற ஏதாவது ஒண்ணு செய்யணும் இல்லையா? அந்தக் கேள்வியை அன்னைக்கு யாரும் கேக்கல.

புல்வெளிக்கும் இதே கதிதான். மரம் இல்லாத மலையைப் பார்த்ததும் அது வெட்டி நிலம்னு முடிவு பண்ணி, 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆஸ்திரேலியாவின் சீகை மரத்தையும், ஊர்ல கற்பூர மரம்னு சொல்ற யூகலிப்டஸையும் நட்டாங்க. அதோட விலை என்னன்னு பின்னாடி அளந்தும் பார்த்தாச்சு. ஊட்டியில் 1954-ல் தொடங்கின மத்திய மண் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்துல இருந்த ரெண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கிச்சு. ஒண்ணை அப்படியே விட்டாங்க. இன்னொண்ணுல 1972-ல் யூகலிப்டஸ் நட்டாங்க. முதல் பத்து வருஷத்துல ஓடையில வர்ற தண்ணி சராசரியா 16 சதவீதம் குறைஞ்சது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைச்ச ரெண்டாவது சுற்றுல 25 சதவீதம் குறைஞ்சது. புல்வெளி ஒரு பஞ்சு மாதிரி தண்ணியைப் பிடிச்சு மெதுவா விடுது. அதையும் நாம வெட்டினு நினைச்சோம்.

உருளைக்கிழங்கும் ஒரு நூற்புழுவும்

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு ஏறினார்னு நாம பள்ளிப் பாடத்துல படிச்சிருப்போம். ஐரோப்பியக் காய்கறிகள் இந்த மலையில வேரூன்ற அவர்தான் முக்கியக் காரணம். அதுல ஜெயிச்சது உருளைக்கிழங்கு. குளிர், மழை, மக்கு நிறைந்த மண்ணுன்னு எல்லாமே அதுக்குப் பிடிச்சது. படுக விவசாயிகள் அதைக் கையில எடுத்தாங்க, காசு வந்தது. ரெண்டு பருவமழையும் கிடைக்கிற மலைங்கறதால வருஷத்துக்கு ரெண்டு மூணு போகம் எடுக்க முடிஞ்சது.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். புதுசா புல்வெளியை உழுத முதல் சில வருஷம் எதைப் போட்டாலும் அள்ளிக் கொடுக்கும். உழும்போது மண்ணுக்குள்ள காற்று போகும், நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகும், ஆயிரம் வருஷச் சேமிப்பு வேகமா உடைஞ்சு சத்தா வெளிய வரும். பார்க்கிறவங்களுக்கு மண் வளமா இருக்குன்னு தோணும். உண்மையில ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைச்சுச் செலவு பண்ணிட்டு இருக்கோம். அதுலயும் கிழங்குப் பயிர்னா ஒவ்வொரு அறுவடையும் மண்ணைப் புரட்டித்தான் எடுக்கணும்.

1961-ல் பிரிட்டனைச் சேர்ந்த எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி ஊட்டி உருளைக்கிழங்கு வயலில் ஒரு நூற்புழுவைக் கண்டுபிடிச்சார். வேரில் கடுகைவிடச் சின்ன உருண்டைகளா ஒட்டியிருக்கும், தங்க நிறத்தில். செத்த பெண் புழுவின் உடம்பே ஒரு கூடாக மாறி, உள்ளே நூத்துக்கணக்கான முட்டைகளை வெச்சிருக்கும். உருளைக்கிழங்கே போடாம விட்டாலும் அந்தக் கூடு மண்ணுக்குள்ள பல வருஷம் தாக்குப்பிடிக்கும். அடுத்த உருளை வேர் பக்கத்துல வந்ததும் முட்டை பொரியும். மறுபடி மறுபடி அதே பயிரைப் போடுற நிலம் அதுக்கு விருந்து.

1971-ல் நீலகிரியிலிருந்து விதை உருளைக்கிழங்கை வெளிய கொண்டு போக அரசு தடை போட்டது. முத்தோரையில் 1957 முதல் இயங்கிய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் வேலையால, இந்தப் புழுவைத் தாங்குற 'குஃப்ரி ஸ்வர்ணா' ரகம் 1980-களில் வந்தது. ஆனா விஞ்ஞானிகள் சொன்ன இன்னொரு மருந்து ரொம்பப் பழசு: உருளைக்கு அப்புறம் உடனே உருளை போடாதே, முட்டைக்கோஸ், கேரட், பூண்டு, பீன்ஸ்னு மாத்து. சுத்தி வளைச்சு, தாத்தா செஞ்ச இடம் மாற்றத்துக்குப் பக்கத்துலயே வந்து நிக்குது பாருங்க. நிலத்தை மாத்த முடியாட்டி பயிரையாவது மாத்து. நிறைய குடும்பங்கள் உருளையை விட்டுத் தேயிலைக்குப் போனாங்க. மிச்சப் பேர் கேரட்டுக்குப் போனாங்க.

"நிலம் என்னோடதா இருந்தா வெட்டுவேன்"

போன தடவை அவலாஞ்சி போனப்போ எமரால்டுக்கு முன்னாடி ஒரு கேரட் தோட்டத்துல வண்டியை நிறுத்தினேன். பாத்தி எல்லாம் மேலேருந்து கீழ நேரா இறங்குது. மண் பாதுகாப்புப் புத்தகம் படிச்ச ஜோர்ல, சரிவுக்குக் குறுக்கே போடாம ஏன் இப்படிப் போட்டிருக்காங்கன்னு அங்க இருந்த விவசாயிகிட்ட கேட்டேன்.

அவர் சிரிச்சார். "தம்பி, குறுக்கே போட்டா தண்ணி நிக்கும். தண்ணி நின்னா கேரட் அழுகும். அழுகினா மேட்டுப்பாளையம் மண்டியில என்னத்த விக்கறது?"

"அப்போ படி படியா வெட்டிடலாமே அண்ணா?"

"நிலம் என்னோடதா இருந்தா வெட்டுவேன். இது குத்தகை. நான் காசு போட்டு வெட்டி வெப்பேன், அடுத்த வருஷம் யாருக்குக் குடுப்பாங்களோ."

இந்த ரெண்டு பதிலும் எனக்கு நூறு பக்க ரிப்போர்ட்டுக்குச் சமம். நேர்ப்பாத்தி அறியாமை இல்ல. அழுகலுக்கு எதிரா அவர் போட்டிருக்கிற இன்சூரன்ஸ் அது. படி வெட்டுறது எப்படின்னு அவருக்குத் தெரியாம இல்ல. மண்ணைக் காப்பாத்தற பலன் பத்து வருஷம் கழிச்சுத்தான் வரும், அவர் கையில இருக்கிறது ஒரு வருஷம்.

அந்தத் தோட்டத்துல இருந்து கழுவப்படுற மண் எங்க போகுது? இந்தப் பக்கத்து ஓடைகள் எல்லாம் குந்தா நீர்மின் திட்டத்தோட அணைகளுக்கு இறங்குது. அவலாஞ்சி, எமரால்டு அணைகளும் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு கட்டப்பட்ட அந்தத் திட்டத்தைச் சேர்ந்தவைதான். குந்தா அணையில சேறு சேர்றது பல வருஷத் தலைவலி. அதாவது பயிருக்குப் போக வேண்டிய பாஸ்பரஸ் அணைக்கு அடியில படியுது. அணையில தண்ணிக்கு இடம் குறையுது, தோட்டத்துல உர மூட்டை கூடுது. ஒரே மண்ணுக்கு ரெண்டு இடத்துல நஷ்டம்.

இதுக்கு மேல காலநிலை மாற்றம் வருது. சூடு கூடினா மக்கு இன்னும் வேகமா கரையும். மழை பரவலாப் பெய்யாம ஒரே மூச்சில கொட்டினா, போட்ட நைட்ரேட்டை வேர் பார்க்கிறதுக்கு முன்னாடியே தண்ணி எடுத்துட்டுப் போயிடும். 2019 மாதிரி ஒரு ரெண்டு நாள்ல ஒரு சீசனோட உரமே காலி.

இயற்கை விவசாயம்னு உத்தரவு போட்டா போதுமா?

இங்க வழக்கமா வர்ற பதில், ரசாயன உரத்தை நிறுத்திடுங்கன்னுதான். தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் இயற்கை வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. திசை சரிதான். ஆனா அவசரப்பட்டா என்ன ஆகும்னு பார்க்க ரொம்ப தூரம் போக வேணாம். நீலகிரியோட ரத்த சம்பந்தம் உள்ள இடம் இலங்கை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் அங்கிருந்து திரும்பின மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் இங்க அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கினாங்க. இன்னைக்கு டான்டீன்னு சொல்றது அதுதான்.

அந்த இலங்கையில 2021 மே மாசம் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவுல நிறுத்தினாங்க. நெல் விளைச்சல் சரிஞ்சது, தேயிலையும் அடி வாங்கிச்சு, அரிசியை இறக்குமதி பண்ண வேண்டிய நிலை வந்தது. நவம்பர்ல தடையைத் தளர்த்திட்டாங்க. மக்கு உரம் வேலை செய்யாதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. நாட்டுக்கே போதுமான மக்கு உரம் ஒரே சீசன்ல வானத்துலேருந்து விழாதுன்னுதான் அர்த்தம். செடிக்குத் தேவை நைட்ரஜன். அது மூட்டையிலேருந்து வரலைன்னா சாணியிலேருந்தோ பயறு வகை வேரிலேருந்தோ வந்தாகணும். நீலகிரியில புல்வெளியும் மாடும் குறைஞ்சு போச்சு. இப்பவே எருவும் கோழிக்கழிவும் சமவெளியிலேருந்து லாரி ஏறித்தான் வருது. அதுவும் இன்னொரு ஊர் மண்ணோட சத்துதான்.

அப்போ என்ன வழி? பெருசா புதுசா எதுவும் இல்ல. உருளை, கேரட்டுக்கு நடுவுல பட்டாணி, பீன்ஸ் போட்டு நைட்ரஜனை மண்ணுலயே சேர்க்கிறது. சரிவுக்குக் குறுக்கே சில அடிக்கு ஒரு புல்வரிசை விட்டு ஓடுற மண்ணைப் பிடிக்கிறது. அறுவடை முடிஞ்சா மண்ணை வெறுமையா விடாம மூடி வைக்கிறது. புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு போடுறது. மண்ணைப் பரிசோதிச்சு, தேவையான அளவு மட்டும் உரம் போட்டு, மக்கு ஏற ஏற அதைக் குறைக்கிறது. இதெல்லாம் ஊட்டி ஆராய்ச்சியாளர்களுக்கும் தெரியும், அந்தக் குத்தகை அண்ணனுக்கும் தெரியும். பிரச்சனை அறிவுல இல்ல. அஞ்சு வருஷம் பத்து வருஷம்னு நீண்ட குத்தகை இருக்கா, மாறுற காலத்துல குறையுற விளைச்சலுக்கு யார் ஈடு கொடுக்கிறாங்க, இதுலதான் இருக்கு.

கடைசியா நம்ம பங்கு. நமக்குக் கேரட் பளபளன்னு இருக்கணும். அதனால மலையிலேயே மெஷின்ல போட்டுக் கழுவி அனுப்பறாங்க. ஒட்டியிருந்த மண் ஓடையில போகுது. கேரட்டுக்குள்ள இருக்கிற சத்து லாரியில இறங்கி, நம்ம வயித்துல போய், கூவம் பக்கமோ நொய்யல் பக்கமோ போய்ச் சேருது. மலைக்குத் திரும்பிப் போறது எதுவும் இல்ல. ஹட்டியைச் சுத்தி ஓடின அந்தச் சுற்று இன்னைக்கு ஒருவழிப் பாதை.

அடுத்த தடவை அவலாஞ்சி போனா, மழை விட்ட உடனே ரெண்டு ஓடையைப் பாருங்க. சோலைக்காட்டுல இருந்து வர்றது ஒண்ணு, தோட்டங்களுக்கு நடுவுல இருந்து வர்றது ஒண்ணு. ரெண்டும் என்ன நிறத்துல ஓடுதுன்னு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. அந்த ஊருக்கு வெச்ச பெயர் இன்னைக்கும் எந்த ஓடையில உண்மையா இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.